'அனைவரும்' பட்டியல்

அன்னவாசல்
25.5.2025

அன்புத் தம்பி வெற்றிசெல்வனுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. இங்கே ஆத்தா, உன் மச்சான், நான் மூவரும் சுகம். கப்பலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? நடுக்கடலில் போனும் எடுக்காது, படமும் வராது, எழுத்து மட்டும்தான் வரும் என்றாய். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். ஆத்தாவோ, "போட்டோ போகாதுன்னா நல்லதாப் போச்சு. நான் மெலிஞ்சுட்டேன்னு எழுது, ஓடியாந்துருவான்" என்கிறது. மெலியவில்லை.

ஒரு பெரிய சேதி. எங்கள் மருத்துவமனைக் குழுமத்தின் மின்னஞ்சல் முழுவதையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றப்போகிறோம். பொறுப்பு முழுக்க என் ஒருத்தியிடம்! ஒன்பது ஊர்களில் ஒன்பது மருத்துவமனைகள். நாலாயிரத்து எண்ணூறு பேருக்கு மின்னஞ்சல் பெட்டி. வீடு மாறுவது மாதிரிதான். ஆனால் நாலாயிரத்து எண்ணூறு வீடு, ஒரே வார இறுதியில், குடியிருப்பவர்களுக்குத் தெரியாமல்.

கடிதம் மட்டும் என்றால் கவலை இல்லை. லேபில் ஒருவருடைய ரத்தத்தில் ஏதாவது ஆபத்தான அளவில் இருந்தால், அந்த அவசரச் செய்தியும் எங்கள் வழியாகத்தான் வார்டுக்குப் போகிறது. அதனால் வழி அடைக்கவே கூடாது. நிர்வாக அதிகாரி திருமுருகன் சார் கூப்பிட்டு, "ஒங்களால முடியுமாம்மா, வெளியாளுகளக் கூப்பிடவா?" என்று கேட்டார். "முடியும் சார்" என்று சொல்லிவிட்டு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

ஜூன் ஏழு, சனிக்கிழமை. நினைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
உண்ணாமலை


இந்தியப் பெருங்கடல்
2.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றி எழுதுவது. நலம். வாந்தி நின்று ஒரு வாரமாகிறது. ஆத்தாவுக்கும் மச்சானுக்கும் என் வணக்கம்.

நேற்று நிலநடுக்கோட்டைத் தாண்டினோம். முதல்முறை தாண்டுகிறவர்களுக்கு மொட்டை போடுவார்களாம். எனக்கும் போட்டுவிட்டார்கள். விராலிமலைக்கு நேர்ந்துகொண்டு போடாமல் இருந்த மொட்டை இங்கே முடிந்தது என்று ஆத்தாவிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்ளும்.

உன் வேலையைப் பற்றிச் சீஃப் இன்ஜினியரிடம் சொன்னேன். "நாலாயிரத்து எண்ணூறு பேரா? இங்கே இருபத்திரண்டு பேருடைய மின்னஞ்சலையே என்னால் சமாளிக்க முடியவில்லை" என்றார். கப்பல் முழுக்க உன் புகழ்தான்.

சனிக்கிழமை முடிந்ததும் எழுது. காத்திருப்பேன்.

உன் தம்பி,
வெற்றி


அன்னவாசல்
9.6.2025

அன்புத் தம்பிக்கு,

முடிந்தது! முடிந்தது, வெற்றி! இங்கே எல்லோரும் நலம், நான் அதற்கும் மேலே. உன் மொட்டைத் தலைக்குக் கடல் வெயில் ஆகாது, தொப்பி போட்டுக்கொள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். என்னோடு அரவிந்த்குமார் என்ற பையன், எனக்கு அடுத்த நிலையில் இருப்பவன், அவன் ஒருவன்தான் துணை. திரையில் ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நூறு பெட்டி, இருநூறு, ஆயிரம். இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்றில் நின்றுவிட்டது. என் இதயமும் நின்றுவிட்டது. ஒரு டாக்டர் பன்னிரண்டு வருடக் கடிதங்களை அழிக்காமல் வைத்திருந்ததுதான் காரணம். அவருடையதைத் தனியாக ஒதுக்கிவிட்டு ஓட்டினேன்.

ஞாயிறு மதியம் கடைசிச் சோதனை. எங்களிடம் 'அனைவரும்' என்று ஒரு பட்டியல் முகவரி உண்டு. அதற்கு ஒரு கடிதம் போட்டால் நாலாயிரத்து எண்ணூறு பேருக்கும் போய்விடும். அதனால் என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு மட்டும்தான் அதில் அனுப்ப அனுமதி. அன்றைக்கு ஒன்பது கிளைகளிலிருந்தும் ஒவ்வொருவரை அதற்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். ஒன்பதும் நொடியில் வந்து சேர்ந்தன. அரவிந்த் மேசையைத் தட்டிக் கூத்தாடினான். நானும்தான்.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வந்து, எதுவுமே நடக்காதது போலக் கடிதம் படித்தார்கள். ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை. இந்த வேலையில் அதுதான் பெரிய பாராட்டு.

ஆசிகளுடன்,
அக்கா


அன்னவாசல்
19.6.2025

அன்புத் தம்பி வெற்றிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். விசாரிப்பெல்லாம் பிறகு. நேற்று நடந்ததைக் கேள்.

புதன்கிழமை காலை பதினொன்று பத்து. ஆவுடையார்கோவில் கிளையில் அடைக்கலமேரி என்று ஒரு நர்ஸிங் சூப்பிரண்டென்ட். இருபத்தாறு வருட சர்வீஸ். பெண்கள் வார்டில் யாரோ ஒரு பல்செட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தம்மா பொறுப்பாக அதைக் கழுவி, படம் எடுத்து, படத்தைக் கடிதத்திலேயே ஒட்டி, "உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்" என்று எழுதி 'அனைவரும்' முகவரிக்கு அனுப்பிவிட்டார். தம் கிளையில் உள்ள அனைவரும் என்று நினைத்திருக்கிறார். பட்டியல் திறந்திருந்தது. போய்விட்டது.

நாலாயிரத்து எண்ணூறு பேருக்குப் பல்செட்!

முதலில் அறந்தாங்கியிலிருந்து ஒருவர், "என்னுடையது இல்லை" என்று எல்லோருக்கும் பதில் போட்டார். அடுத்து, "எனக்குப் பல் எல்லாம் உறுதியாக இருக்கிறது." "தயவுசெய்து என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும்." அதைப் பார்த்து நாற்பது பேர், "என்னையும்." பிறகு ஒருவர், "யாரும் எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லோருக்கும் போட்டார். அதற்கு "சரி" என்று நூறு பேர், எல்லோருக்கும். விடுப்பில் இருப்பவர்களின் பெட்டிகள் தாமாகவே "நான் விடுப்பில் இருக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தன. ஒவ்வொரு பதிலோடும் அந்தப் பல்செட்டின் படமும் சேர்ந்தே போகிறது. முக்கால் மணி நேரத்தில் முந்நூறு பதில். ஒன்றுக்கு நாலாயிரத்து எண்ணூறு பிரதி. கணக்குப் போடு, பதினான்கு லட்சத்துக்கு மேல்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அரவிந்த், "மேடம், லேப் மெசேஜ் எதுவும் நகரல" என்றான்.

சிரிப்பு அப்படியே நின்றது. அவசரச் செய்திகள் அத்தனையும் அந்தப் பல்செட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. புது முறை வந்ததிலிருந்து லேபில் போன் செய்து சொல்வதையே விட்டுவிட்டார்கள். திரையில் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக்கை. எங்கள் மேல் நம்பிக்கை.

வரிசையை மொத்தமாக அழித்தால் அவையும் அழிந்துவிடும். முதலில் 'அனைவரும்' பட்டியலை மூடினேன். வரிசையை அப்படியே உறைய வைத்தேன். லேபின் முகவரியிலிருந்து வந்தவற்றை மட்டும் சலித்தேன். பதினேழு. அவற்றில் மூன்று சிவப்பு, உயிருக்கே ஆபத்தானவை. அரவிந்த் கணினியில் ஒவ்வொன்றாக விடுவிக்க, நான் போனை எடுத்தேன்.

மூன்றாவது, விராலிமலைக் கிளை. ராசு, ஐம்பத்திரண்டு வயது, பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று, இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. செய்தி மாட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. வார்டு சிஸ்டர் எடுத்தார்.

"சிஸ்டர், ஆறாம் நம்பர் பெட் ராசு எப்புடி இருக்காரு?"

"நல்லாருக்காரு மேடம், காலு சோந்து வருதுங்குறாரு. பல்செட்டு யாருதுன்னு தெரிஞ்சுருச்சா?"

"சிஸ்டர், அவருக்குப் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்னு! டாக்டரக் கூப்புடுங்க, ஓடுங்க!"

போனைப் போட்டுவிட்டு அவர் ஓடும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது, வெற்றி. இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஊசி போட்டாகிவிட்டது, இதயத் துடிப்பு சரியாகிவிட்டது, ஆள் காபி கேட்கிறார் என்று.

பட்டியல் மூடித்தான் இருக்கிறதா என்று இன்று காலையிலிருந்து பத்துத் தடவை பார்த்துவிட்டேன். பயத்தில் இல்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

உன் அக்கா,
உண்ணாமலை


டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
27.6.2025

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை உணவு அறையில் மொழிபெயர்த்து வாசித்தேன். பல்செட்டில் ஆரம்பித்த சிரிப்பு, ராசுவிடம் வந்தபோது அடங்கி, அவர் காபி கேட்டபோது கைதட்டலாக மாறியது. பிலிப்பைன்ஸ் சமையல்காரர் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒரு சந்தேகம். மூன்று பேருக்கு மட்டும்தான் அதில் அனுப்ப அனுமதி என்று முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். இதில் 'பட்டியல் திறந்திருந்தது' என்கிறாய். யார் திறந்தது? கப்பலில் ஒரு வால்வு திறந்திருந்தால், கடைசியாகத் தொட்டது யார் என்பதைத்தான் முதலில் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்.

ஆத்தாவின் முழங்கால் எப்படி?

உன் தம்பி,
வெற்றி


அன்னவாசல்
6.7.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று நல்ல மழை, தெருவெல்லாம் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை புதுக்கோட்டைத் தலைமை அலுவலகத்தில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒன்பது கிளைக்காரர்களும் வந்திருந்தார்கள். திருமுருகன் சார், "நோயாளியத் தொட்டுப் பாக்காமலே ஒரு உயிரக் காப்பாத்தியிருக்காங்க" என்றார். ராசுவின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் மச்சான் அதை வீடியோ எடுத்து, தன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பல்செட்டுக்கு உரியவர் கிடைத்துவிட்டார். ஒரு நோயாளியைப் பார்க்க வந்த சம்பந்தியம்மாளுடையதாம்.

அடைக்கலமேரி சிஸ்டரை விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். பெயர் போட்டு எல்லோருக்கும் சுற்றறிக்கை வந்தது.

அங்கே குளிர்காலமாமே. கம்பளிச் சட்டை இருக்கிறதா?

ஆசிகளுடன்,
அக்கா


அட்லாண்டிக் கடல்
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கம்பளிச் சட்டை இரண்டு இருக்கிறது. சால்வைச் சேதி கேட்டு ரொம்பச் சந்தோஷம்.

அந்தச் சிஸ்டரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. கிடைத்த பொருளை உரியவரிடம் சேர்க்க நினைத்ததற்கா சஸ்பெண்ட்? அனுப்ப முடியாமல் இருந்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டாரே.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

உன் தம்பி,
வெற்றி


அட்லாண்டிக் கடல்
14.8.2025

அன்புள்ள அக்கா,

நான் நலம். நான் எழுதி மூன்று வாரத்துக்கு மேலாகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆத்தாவுக்கு ஏதாவது உடம்புக்கு ஆகிவிட்டதா? எதுவானாலும் ஒரு வரி எழுது. நான் ஏதாவது தப்பாகக் கேட்டிருந்தால் விட்டுவிடு.

வெற்றி


அன்னவாசல்
24.8.2025

அன்புத் தம்பி வெற்றிக்கு,

ஆத்தா நலம். மச்சானும் நலம். என்னைப் பற்றி மட்டும் எழுத முடியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

திறந்தது நான்.

ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு பத்து. சோதனைக்காக யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று பட்டியலை மாற்றினேன். சோதனை முடிந்ததும் மூட வேண்டும். மேசையைத் தட்டிக் கூத்தாடினோம் என்று எழுதினேனே, அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். பதினெட்டாம் தேதி, லேப் செய்தி நகரவில்லை என்று அரவிந்த் சொல்லிச் சிரிப்பு நின்ற அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் நான் போய் மூடியது அதனால்தான்.

விசாரணைக்கு நான் கொடுத்த அறிக்கையிலும், "சம்பவத்தின்போது பட்டியல் திறந்திருந்தது" என்றுதான் எழுதினேன். உனக்கு எழுதிய அதே வாக்கியம். அவர்கள் யாரும் உன்னைப் போலக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அமைப்பை யார் எப்போது மாற்றினார்கள் என்பது ஒரு பதிவேட்டில் தானாகவே எழுதப்படும். அதை நான் மட்டும்தான் பார்க்க முடியும். தொண்ணூறு நாள் ஆனதும் தானாகவே அழிந்துவிடும். செப்டம்பர் ஆறோடு என் பெயர் இருக்கும் அந்த வரி போய்விடும். நான் எதையும் அழிக்க வேண்டாம், எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். தினமும் காலையில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் மச்சானிடம் சொன்னேன். "நீயாப் போயி ஏன் மாட்டுற? அந்தம்மாவ என்ன வேலையவிட்டா தூக்கிருவாங்க? ரெண்டு மாசத்துல அதுவே சரியாகிரும்" என்றார். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது.

போன வியாழன் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டார். அடைக்கலமேரி சிஸ்டர். விசாரணைக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். ஆள் பாதியாக இருந்தார்.

"நீங்கதான உண்ணாமலை மேடம்? ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"எனக்கா? எதுக்கு சிஸ்டர்?"

"என்னால ஒரு உசுரு போயிருக்கும். நீங்கதான் நிறுத்துனீங்க. இருபத்தாறு வருசமா ஊசி மருந்த ரெண்டு தடவ பாக்காம நான் யாருக்கும் போட்டதில்ல. அந்த ஒரு பட்டனப் பாக்காம அமுக்கிட்டேனே."

அறந்தாங்கி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கை காட்டினார். நானும் காட்டினேன். காட்டினேன், வெற்றி.

உன் அக்கா


சாண்டோஸ் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டு
28.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை யாரிடமும் வாசிக்கவில்லை.

என்ன செய் என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரியும். நாலாம் தேதி கரையில் இறங்கி ஒரு சிம் வாங்குகிறேன். நீ என்ன செய்திருந்தாலும், செய்யாமல் இருந்தாலும் கூப்பிடுவேன். ராசுவுக்காக ஓடச் சொன்னதும் நீதான். அதையும் மறந்துவிடாதே.

உன் தம்பி,
வெற்றி


அன்னவாசல்
4.9.2025

அன்புத் தம்பி வெற்றிக்கு,

எல்லோரும் நலம். நீ கூப்பிடுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். போனில் என்றால் அழுதுவிடுவேன், பாதிதான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, திருமுருகன் சார் மேசையில் வைத்தேன். என் பெயர் இருக்கும் வரியில் கோடு போட்டிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இத நீங்க கொண்டாராட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார். சனிக்கிழமையோட அழிஞ்சிரும்."

கோபப்படமாட்டார் என்று நினைத்திருந்தேன். எழுந்தே விட்டார். "ஒம்பது கிளையையும் கூட்டி வச்சு ஒங்களுக்குச் சால்வ போட்டமேம்மா! அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்ல? அந்தம்மா மூஞ்சிய நான் எப்புடிப் பாக்குறது?" என்றார். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியதுதான். நின்று கேட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் சிஸ்டரின் சஸ்பெண்ட் ரத்து. எனக்கு மெமோ. இனி அரவிந்த் பொறுப்பாளன், ஆறு மாதத்துக்கு நான் அவனுக்குக் கீழே. நாளைக்கு மாலையோடு என் அதிகாரங்களை ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று, நானே எழுதிக் கொடுத்தது. இனிமேல் அமைப்பில் எதை மாற்றினாலும் இரண்டாவது ஒருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் நடக்கும். ஊசி மருந்தை இரண்டு தடவை பார்ப்பது போல. அதை உடனே ஒப்புக்கொண்டார்கள்.

நேற்று ஆவுடையார்கோவிலில் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். உத்தரவு போனில் வந்துவிட்டதால் சிஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டார். நான் வாசலில் நின்றே, பட்டியலைத் திறந்தது யார் என்பதைச் சொன்னேன்.

"அப்ப அந்த ராசு உசுருக்கு ஆபத்து வந்தது நான் தப்பான எடத்துக்கு அனுப்புனதால இல்லையா?"

"இல்ல சிஸ்டர். நீங்க தப்பா அனுப்பியிருந்தாலும் அது போயிருக்கக்கூடாது. தடுக்க வேண்டியது என் வேல. நான்தான் தொறந்து போட்டுட்டேன்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"பஸ் ஸ்டாண்டுல நான் ஒனக்கு நன்றி சொன்னப்ப?"

"தெரியும் சிஸ்டர்."

உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் குத்தவாளின்னு நாலாயிரத்து எண்ணூறு பேருக்கு லெட்டர் போச்சுல்ல? இதுவும் அத்தன பேருக்கும் போகணும். ஒன் பேர்ல. நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கணும். வா."

கிளை அலுவலகத்துக்கு அவர் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். திருமுருகன் சாரிடம் போனில் கேட்டேன். "போடுங்க" என்றார். உட்கார்ந்து எழுதினேன். "'அனைவரும்' பட்டியலை ஜூன் எட்டாம் தேதி திறந்தது நான். மூட மறந்தது நான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். அடைக்கலமேரி சிஸ்டர் மீது எந்தத் தவறும் இல்லை. உண்ணாமலை, மின்னஞ்சல் பிரிவு."

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரைக்கு அருகில் குனிந்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். மறுபடி ஒரு தடவை. "சிஸ்டர்ங்குறதுல ஒரு புள்ளி விட்டுருக்க" என்றார். வைத்தேன்.

"என்னைய மன்னிச்சுருங்கன்னு எழுதலையா?" என்று கேட்டார்.

"அது அவங்ககிட்டக் கேக்க வேண்டியதில்லையே சிஸ்டர். ஒங்ககிட்ட."

என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அத அப்பறம் கேளு. மொதல்ல இத அனுப்பு" என்றார்.

அனுப்பிவிட்டேன், வெற்றி. ஒரு நொடிகூட ஆகவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது, அத்தனை பேருக்கும்.

என்றும் உன் நலம் நாடும் அக்கா,
உண்ணாமலை